காதில் விழுந்த நாள்

அப்பா யார் கையிலும் நின்ற வாக்கில் தந்தியைக் கொடுத்ததில்லை. தென்காசித் தபால் ஆபீசில் 1964 முதல் 2002 வரை 38 வருஷம் வேலை பார்த்தவர். அதில் முதல் 20 வருஷத்துக்கும் மேல் தந்திப் பட்டுவாடா. காக்கிச் சட்டையும் சைக்கிளுமாக அவர் ஒரு முடுக்குக்குள் நுழைந்துவிட்டால், எந்த வீட்டு வாசலில் கால் ஊன்றப்போகிறார் என்று தெரியும்வரை தெருவில் யாருக்கும் வேலை ஓடாது. இறங்கியதும் முதலில், “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்பார். உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள், வீட்டில் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள், பிள்ளைத்தாச்சி யாரும் உண்டா, அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். வயசானவர் ஒருவரைத் திண்ணையில் பக்கத்தில் உட்காரவைத்த பிறகுதான் உறையைப் பிரிப்பார். தந்தி இங்கிலீஷில் இருக்கும். படித்துச் சொல்வதும் அவர் வேலையாகிவிடும். ‘ஃபாதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.’ சீரியஸ் என்றால் என்ன என்று பாதிப்பேருக்குத் தெரியும். தெரியாதவர்களிடம், “ரொம்ப முடியலையாம், ஒடனே கெளம்பணுமாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்ஸா ரயிலா, கையில் பணம் இருக்கிறதா என்று விசாரிப்பார். தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு. அதனால் ஆறு ஏழு வார்த்தையில் ஒரு மனுஷனின் சாவு அடங்கிவிடும். மிச்சத்தைச் சொல்லவேண்டியது கொண்டுபோகிறவன் பொறுப்பு என்பது அப்பாவின் எண்ணம்.

ஊரெல்லாம் போய்த் துட்டி சொன்ன அந்த மனுஷன் இறந்த செய்தி, 2020 மே மாதத்தில் ஒரு விடியற்காலை துபாயில் எனக்குக் கிடைத்தது. தம்பி வீடியோ காலில் கூப்பிட்டான். ஒரு வார்த்தையும் பேசாமல் கேமராவைத் திருப்பினான். பட்டாசலில் அப்பா கிடந்தார். வயது 78. வந்தது கொரோனா இல்லை, நெஞ்சுவலி. நான் மூத்தவன். தகப்பனுக்குத் தலைப்பிள்ளை, தாய்க்குக் கடைப்பிள்ளை என்பது எங்கள் பக்கத்து முறை. கொள்ளி வைக்கவேண்டியவன் நான். மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானம் எதையும் இந்தியா இறங்க விடவில்லை. வெளிநாட்டில் சிக்கியவர்களைக் கூட்டிவர மே 7-ல் தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் இடம் கேட்டுத் தூதரகத்தில் பெயர் பதிந்திருந்தவர்கள் லட்சக்கணக்கில். சாவு வீட்டில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது அரசின் உத்தரவு. அந்த 20 பேரில் நான் இல்லை. தம்பி கொள்ளிக்குடம் எடுத்ததை உள்ளங்கை அளவு கண்ணாடியில் பார்த்தேன்.

அதன்பின் வந்த இரண்டு மாதத்தில் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. கடல் தாண்டிப் போன பிள்ளை பெற்றவர் சாவுக்கு வந்து சேர முடியாமல் போவது எங்கள் ஊரில் இது முதல் தடவையா? இல்லை. எங்கள் வீட்டிலேயே இது மூன்றாவது தடவை. முந்திய இரண்டு பேரும் எப்படித் துக்கம் காத்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என்னால் நிமிர முடிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

தென்காசி என்ற பெயரே தூரத்தையும் சாவையும் பற்றியது. காசிக்கு நடந்து போகிறவர்கள் வழியிலேயே மாண்டுபோகிறார்கள், அவர்களுக்காகத் தெற்கே ஒரு காசி வேண்டும் என்று பராக்கிரம பாண்டியனின் கனவில் சிவன் வந்து சொன்னதாக ஊர்க்கதை. கதை எப்படியோ, அவன் 1446-ல் காசி விசுவநாதர் கோயில் வேலையைத் தொடங்கியது வரலாறு. மதுரையை விட்டு நீங்கித் தெற்கே ஒதுங்கிய பிற்காலப் பாண்டியர்களுக்கு இந்த ஊர்தான் தலைநகரம். போய்ச் சேர முடியாதவனுக்கும் கடன் தீர்க்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தின் மேல் எழும்பிய ஊர் இது. சின்ன வயதில் இந்தக் கதையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். 2020-ல்தான் அது எனக்காகவும் சொன்ன கதை என்று புரிந்தது.

அந்தக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களை இப்போதே வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. தான் இல்லாத காலத்தை நினைத்து ஒரு ராஜா குனிந்து கும்பிட்டிருக்கிறான். குறையும் நேர்ந்தது. கோபுரம் இடி விழுந்து பிளந்ததாகச் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக உச்சியில்லாமல் நின்ற அதைச் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று ஒன்பது நிலையாக எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. என் தாத்தாவும் பெரியப்பாவும் வெளியூரிலிருந்து திரும்பியபோது பார்த்தது பிளந்த கோபுரத்தை. முழுக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு ஊருக்குள் வந்தது எங்கள் குடும்பத்தில் நான்தான்.

*

தாத்தா கொழும்பில் கணக்கப்பிள்ளை. புறக்கோட்டையில் ஒரு சாமான் கடை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைக்குப் போவது அந்தக் காலத்தில் பக்கத்து ஜில்லாவுக்குப் போவது மாதிரி. தூத்துக்குடியில் ராத்திரி கப்பல் ஏறினால் விடிந்தால் கொழும்பு. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதியதும் இந்த வழியில்தான். 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விட்டார்கள். தென்காசியிலிருந்து விருதுநகருக்கு 1927-ல் ரயில் வந்தது. அதன்பிறகு மதுரை, தனுஷ்கோடி, தலைமன்னார் என்று மாறி மாறிப் போனார்கள். தோட்டக் கூலிகளாகப் போனவர்களை மண்டபம் முகாமில் பல நாள் தங்கவைத்து, காலரா, அம்மை இல்லை என்று உறுதியான பிறகே அக்கரைக்கு அனுப்பினார்கள். இன்றும் அந்த இடத்துக்குப் பெயர் மண்டபம் கேம்ப்தான்.

1937-ல் தாத்தாவின் அம்மா இறந்தார். வீட்டில் தந்தி கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அவர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கடிதம் போட்டார்கள். ஓரத்தில் கறுப்பு மை தடவிய கடிதம். கல்யாணக் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள், சாவுக் கடிதத்துக்குக் கறுப்பு. கறுப்பைக் கண்டால் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவார்கள். தாத்தா அதைக் கடை வாசலில் நின்று படித்தபோது அவர் அம்மா போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இங்கேதான் முறை என்று நாம் சொல்வதன் அருமை தெரிகிறது. எங்கள் பக்கம் தீட்டு பதினாறு நாள். பங்காளி ஒருவன் தூரதேசத்தில் இருந்து தாமதமாகக் கேள்விப்பட்டால் மிச்ச நாளைக் காத்தால் போதும். காலம் கடந்துபோயிருந்தால் ஒரு முழுக்கோடு முடித்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. என்று அவன் காதில் விழுகிறதோ அன்றைக்குத்தான் அவனுக்குச் சாவு. அன்றிலிருந்து முழுக்கணக்கு. சின்ன வயதில் இதை நான் ஒரு கெடுபிடி என்று நினைத்திருந்தேன். அது கெடுபிடி இல்லை, கருணை. ‘நீ வரவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது’ என்று முறை அவனிடம் சொல்லவில்லை. ‘உனக்கு இன்றுதான் தொடங்குகிறது, உனக்குரிய நாள் அப்படியே இருக்கிறது’ என்றது.

தாத்தா கொழும்பில் பதினாறு நாளும் காத்தார். கடை மேல்மாடியில் தனியாகப் பாய் போட்டுப் படுத்து, ஒரு வேளைச் சோறு. பதினாறாம் நாள் கடற்கரையில் தலை மழித்து முழுகிவிட்டு, கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போய் வந்தார். முதலாளி அவரை அந்தப் பதினாறு நாளும் கணக்கு எழுத விடவில்லை. ஊருக்கு வந்தது அடுத்த சித்திரையில். அவர் தெருமுனையில் வண்டியை விட்டு இறங்கியதும், ஏழு மாதத்துக்கு முன் அழுது ஓய்ந்த பெண்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். கையைக் கோத்துத் தோளைச் சேர்த்து அன்றைக்குத்தான் பிரேதம் கிடக்கிறது என்பது மாதிரி ஒப்பாரி வைத்தார்களாம். வரமுடியாமல் போனவனுக்காக ஊர் மறுபடியும் ஒரு தடவை அழும். இதற்குப் பெயர் எதுவும் கிடையாது. ஆனால் எல்லாத் தெருவிலும் இருந்த வழக்கம்.

*

பெரியப்பா சிங்கப்பூர் போனார். தென்காசியிலிருந்து வடக்கே கடையநல்லூர்வரை சிங்கப்பூர், பினாங்கு என்றால் பக்கத்துத் தெருப் பெயர் மாதிரி. அங்கே வழி போட்டவர்கள் முஸ்லிம்கள், அதிலும் கடையநல்லூர் நெசவாளர்கள். தறி நொடித்தபோது கப்பலேறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன மற்ற முஸ்லிம்களில் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போய்ச் சம்பாதித்துத் திரும்பியபோது, இவர்கள் பெண்டுபிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆண்கள் துறைமுகத்தில் வேலை பார்த்தார்கள். பெண்கள் தஞ்சோங் பகார் பக்கம் மசாலா அரைத்து விற்றார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உண்டானது. 1946-ல் அவர்கள் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி பிறகு உயர்நிலைப் பள்ளியாகி 1982 வரை நடந்தது. தென்காசி முஸ்லிம்களுக்கும் அங்கே தனிச் சங்கம் உண்டு. கடையநல்லூர் பெயரிலேயே சிங்கப்பூரில் ஒரு தெரு இருக்கிறது.

பெரியப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த கடையநல்லூர்க்காரர் ஒருவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். சாவைப் பற்றி அவர் ஒரு தடவை அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “எங்கள்ல மையத்த வச்சுக்கிட்டுக் காத்திருக்கதுங்கிறதே கிடையாது. அன்னைக்கே அடக்கம். அதனால சிங்கப்பூர்ல இருக்கவன் மொகம் பாக்கணும்னு நெனைக்கவே மாட்டான். சேதி கேட்டதும் பள்ளிவாசல்ல யாசீன் ஓதுவோம். ஊருக்கு வந்தா வீட்டுக்குள்ள போகுமுன்னே கபர்ஸ்தானுக்குப் போய் ஜியாரத் பண்ணுவோம். அப்புறந்தான் பெட்டிய எறக்குவோம்.” முறைகள் வேறு. அடியில் ஓடும் நினைப்பு ஒன்றுதான். முகத்தை விட்டவனுக்கு வேறொரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

மாமாவின் தகப்பனார் காலத்தில் அந்தக் கதவும் அடைபட்டது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மூன்றரை வருஷம் கடிதமில்லை, மணியார்டர் இல்லை, கப்பல் இல்லை. இங்கே இருந்தவர்கள் அங்கே இருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் நோன்பு பிடித்தார்கள். அங்கே இருந்தவர்களில் பலரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் ஊருக்கு வந்த மாமாவின் தகப்பனார், உம்மாவும் வாப்பாவும் போய் வருஷக்கணக்காகிவிட்டது என்பதைத் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்துகொண்டார். செய்தியும் அவரும் ஒரே நாளில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

கப்பல் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரஜூலாதான். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். போக ஒரு வாரம், வர ஒரு வாரம். கப்பலில் ஒருவருக்கு அம்மை கண்டால் இறங்கவேண்டியவர்களை சிங்கப்பூருக்கு வெளியே செயின்ட் ஜான்ஸ் தீவில் நாள்கணக்கில் அடைத்து வைப்பார்கள். 1953-க்குப் பிறகு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேற்றச் சட்டம் இறுகியது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு கையில் இருக்கவேண்டும். அது இல்லாதவன், அம்மா செத்தாலும் கிளம்புமுன் இரண்டு தரம் யோசிக்கவேண்டி வந்தது.

1968-ல் ஆச்சி இறந்தார். அப்பாவுக்கு அப்போது 26 வயது, வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்த தந்தியை அன்றைக்கு அவரே பாரம் எழுதி அண்ணனுக்கு அனுப்பினார். அவர் எழுதியது ‘மதர் எக்ஸ்பயர்ட்’ என்ற இரண்டு சொல்தான். ‘ஸ்டார்ட் இமீடியட்லி’ என்று சேர்க்கவில்லை. “கெளம்பினாலும் வரமுடியாதுன்னு தெரிஞ்ச மனுஷனுக்கு அதை எதுக்கு எழுதணும்?” என்று பின்னால் சொன்னார். சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடியில் தந்திக் கம்பி போட்டது 1870-71-ல். ஆகவே தந்தி ஒரு நாளில் போய்ச் சேர்ந்தது. அடுத்த ரஜூலாவுக்குக் காத்திருந்து, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் மாறி மாறிப் பெரியப்பா வீட்டு வாசலில் வந்து நிற்க 34 நாள்.

தந்தி செய்த வேலையைப் பற்றி அப்பா அடிக்கடி யோசித்திருக்கிறார். கடிதக் காலத்தில் செய்தியும் மனுஷனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனார்கள். இரண்டுக்கும் ஒரே கப்பல், ஒரே ரயில். தந்தி செய்திக்கு மட்டும் இறக்கை கொடுத்தது. மனுஷனுக்குக் கொடுக்கவில்லை. அதனால் துக்கம் ஒரே நாளில் வந்து ஏறிக்கொண்டது, ஆறுதல் ஒரு மாதம் கழித்து வந்தது. அந்த இடைவெளியில் பெரியப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். தாத்தா கொழும்பில் செய்ததையே செய்தார். காதில் விழுந்த நாளிலிருந்து பதினாறு. ஷிப்டு வேலையைக் கடையநல்லூர் மாமா சேர்த்துப் பார்த்தாராம். ஊருக்கு வந்ததும் ஒப்பாரி. மறுநாள் குற்றாலம். பேரருவியில் தலைமுழுகிக் குற்றாலநாதர் கோயிலில் மோட்ச விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினார்.

*

பிறகு எல்லாம் மாறியது. ரஜூலாவுக்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து நாற்பது பேரளவில் மாண்டார்கள். அதோடு சென்னை, சிங்கப்பூர் பயணிகள் கப்பல் போக்குவரத்து நின்றது. அதே 1985-ல் தபாலும் தந்தியும் இரண்டு துறையாகப் பிரிந்தன. எஸ்.டி.டி. பூத் வந்தது. வளைகுடா வந்தது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பையன்களுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம் வாசல்படி ஆனது. சுமார் 100 கிலோமீட்டர். குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாக மலை இறங்கிப் புளியரைக்கு வந்துவிட்டால் ஊர்க்காற்று முகத்தில் அடிக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் சாரலும் வருகிறது, வளைகுடாப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்பார் அப்பா. தந்திச் சேவையை 2013 ஜூலை 15-ல் நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அன்று முழுக்க அவர் அதிகம் பேசவில்லை.

விமானம் செய்தியையும் மனுஷனையும் மறுபடி ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தது. கூடவே ஐஸ் பெட்டி வந்தது. என் சின்ன வயதில் காலையில் போனவரைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள். பிள்ளை பம்பாயில் இருந்தால் ஐஸ் பாளம் வாங்கி உமி தூவி ஒரு ராத்திரி வைத்திருப்பார்கள். கண்ணாடி மூடிபோட்ட பெட்டி வந்தபின் இரண்டு நாள், மூன்று நாள் என்று ஆனது. பையன் ஷார்ஜாவிலிருந்து கிளம்பிவிட்டான், திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டான், புளியரை தாண்டிவிட்டான் என்று போன் வந்துகொண்டே இருக்கும். வந்து இறங்குகிறான், முகம் பார்க்கிறான், அரைமணி நேரத்தில் எடுக்கிறார்கள். மறுநாள் காடாற்று. நாலாம் நாள் திரும்பும் விமானம். கருமாதியைத் தம்பியோ பங்காளியோ பார்த்துக்கொள்கிறார்கள். அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், தாயோ தகப்பனோ இறந்தால் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு தருகிறது. சட்டத்தில் அப்படி ஒன்று இருப்பதே நல்லதுதான். அதற்குமுன் எத்தனையோ பேர் சூப்பர்வைசரின் மனசைப் பார்த்துக் கைகட்டி நின்றிருக்கிறார்கள். ஆனால் பதினாறு எங்கே, மூன்று எங்கே?

முன்பு உடம்பு காத்திருக்கவில்லை, நாட்கள் காத்திருந்தன. இப்போது உடம்பு காத்திருக்கிறது, நாட்களைத்தான் யாரும் வைத்திருப்பதில்லை. முகம் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் துக்கத்தை ஊரிலேயே இறக்கி வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம். அது நமக்கு முன்னாலேயே போய் லேபர் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. துபாயில் என்னோடு இருந்தவர்களில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். அப்பா செத்து இரண்டு வருஷம் கழித்து, ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது உடைந்து அழுவார்கள்.

*

எனக்கு இடம் கிடைத்தது ஜூலையில். 2020 ஜூலை 4-ந் தேதி சென்னையில் இறங்கினேன். ஏழு நாள் ஓட்டல் அறையில் தனிமை. 11-ந் தேதி இ-பாஸ் வாங்கி வாடகைக் காரில் மதுரை, ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாக வந்தேன். கோபுரம் தெரிந்ததும் டிரைவரை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் நகராட்சி ஆட்கள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தெருவில் யாரும் கூடவில்லை. ஒப்பாரி இல்லை. எதிர்வீட்டு ஆச்சிமார் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

மாடியில் அப்பா இருந்த அறையில் என்னை விட்டார்கள். இன்னும் ஏழு நாள். சாப்பாட்டுத் தட்டை அம்மா படியில் வைத்துவிட்டு இறங்கிப்போவாள். தனிப் பாய், தனித் தட்டு, யாரையும் தொடாமல் இருப்பது. இரண்டாம் நாள் அத்தை, அப்பாவின் மூத்த அக்கா, வயது 84, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை மேலே பார்த்துக் கேட்டாள்.

“ஏல, மெட்ராஸ்ல எத்தன நாளு கெடந்த?”

“ஏழு நாளு அத்தை.”

“இங்க?”

“ஏழு.”

விரல் மடக்கினாள். “ஏழும் ஏழும் பதினாலு. இன்னும் ரெண்டு நாளு அப்படியே இரி. பதினாறாச்சு. எங்கப்பாவும் கொழும்புல இப்படித்தான் இருந்தாவ. ஒங்க பெரியப்பனும் இப்படித்தான் இருந்தான். ஒனக்கு ஊர் மண்ண மிதிச்ச அன்னைக்குத்தான் காதுல விழுந்துருக்கு, பாத்துக்கோ.”

சட்டம் தொற்றுக்காக வைத்த தனிமையை அத்தை தீட்டுக் கணக்காக மாற்றிவிட்டாள். எனக்கு அதற்குமேல் சமாதானம் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதினாறு நாளில் மிச்சமிருந்த நாட்களை அப்பாவின் டிரங்குப் பெட்டியோடு கழித்தேன். பழைய சம்பளச் சீட்டு, சைக்கிள் லைசென்ஸ் வில்லை, பெரியப்பா எழுதிய ஏர்மெயில் கடிதங்கள். தாத்தாவைப் பற்றி மேலே எழுதியதில் பாதி அத்தை முற்றத்திலிருந்து சொன்னது, மீதி அந்தக் கடிதங்களில் இருந்தது.

19-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. விடியுமுன் அத்தான் ஒரு குடம் சிற்றாற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். கிணற்றடியில் உட்காரவைத்துத் தலையில் ஊற்றினார். தம்பி எனக்கு உருமா கட்டினான். மூத்தவனுக்கு இளையவன் கட்டுவது முறையில்லைதான். ஆனால் கொள்ளி வைத்த கை அது.

மறுநாள் ஆடி அமாவாசை. மற்ற வருஷமாக இருந்தால் குற்றாலத்தில் விடியற்காலை மூன்று மணிக்கே தர்ப்பணத்துக்கு வரிசை நிற்கும். அந்த வருஷம் அருவிகளில் குளிக்கவும் கரையில் தர்ப்பணம் கொடுக்கவும் தடை. தம்பி பைக்கில் என்னைத் தடுப்பு வைத்திருந்த இடம்வரை கூட்டிப்போனான். நடு சீசனில், ஒரு மனுஷத் தலையும் இல்லாத பேரருவியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எண்ணெய் வாசனையும் கூச்சலும் சோப்பு நுரையும் இல்லை. தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து எழும் சத்தம் மட்டும். அங்கேயே ரோட்டோரத்தில் நின்று கும்பிட்டேன்.

அந்தத் தண்ணீர் போகும் வழி எங்கள் வீட்டுக் கதையின் வழி. குற்றாலத்து அருவிகள் சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகின்றன. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. அது மன்னார் வளைகுடா, தாத்தா ராத்திரிக் கப்பலில் கடந்த கடல். அப்பாவின் அஸ்தியைத் தம்பி மே மாதத்தில் சிற்றாற்றில் விட்டபோது ஆற்றில் தண்ணீர் குறைவு. ஜூலைச் சாரலில்தான் அது கடலுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் வந்து சேர்ந்த பிறகு.

*

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெற்றவர்கள் இருக்கும்போதே வந்து பாருங்கள், அது எல்லாரும் சொல்வது. நான் சொல்ல வந்தது வேறு. முகம் பார்க்க முடியாமல் போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் தாத்தாக்களில் முக்கால்வாசிப் பேர் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் நாட்களைக் காத்தார்கள். நீங்களும் காக்கவேண்டும். மூன்று நாள் லீவு என்றால் மிச்சத்தைச் சம்பளமில்லா விடுப்பாகக் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் இருக்கும் இடத்திலேயே பதினாறு நாள் ஒதுங்கி இருங்கள். அறையில் கூட இருக்கிறவர்களே, துக்கத்தில் இருப்பவனுடைய ஷிப்டைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கொழும்பு முதலாளியும் கடையநல்லூர் மாமாவும் செய்தது அதுதான்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒன்று. பிள்ளை வருவதற்காக உடம்பை மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கத்தான் வேண்டும் என்றில்லை. போனவரை மரியாதையாக அனுப்பிவையுங்கள். அவன் எப்போது வந்தாலும், ஒரு மாதம் கழித்து வந்தாலும் ஒரு வருஷம் கழித்து வந்தாலும், அவனுக்கு அன்றைக்குத்தான் சாவு என்று நினைத்து வாசலுக்கு வாருங்கள். ஒருதரம் அவனோடு சேர்ந்து அழுங்கள். அழுது ஓய்ந்ததும் அவனை உட்காரவைத்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.